மகன் வண்டியின் மஞ்சள் விளக்குகள்

1

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டிலிருந்து செல்வி போன் பண்ணினாள். என் அண்ணன் வீட்டு மருமகள். "உனக்கு இன்னா அத்தே, புள்ளையோட புது கார்ல சுத்திகினு இருப்பே" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது எதை விளக்கிச் சொல்வது? சொன்னாலும் பக்கத்து அறையில் இருக்கிறவர்கள் காதில் விழும். எழுதினால் யாருக்கும் கேட்காது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பேச்சில் வருகிறதுதான் எழுத்திலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில் எங்கள் வீட்டில் புதுசு என்று ஒன்றும் கிடையாது. உட்காருகிற சோபா, வேறு யாரோ வேண்டாம் என்று ரோட்டோரம் வைத்துவிட்டுப் போனது. மகன் சேகரும் மருமகளும் இருட்டினபிறகு போய்த் தூக்கி வந்தார்கள். ஊரில் இப்படி எடுத்து வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இங்கே பேச ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காரும் அப்படித்தான். படிப்பு முடித்து ஊருக்குப் போன ஒரு சீனப் பையனிடம் வாங்கினான். ஓடுவது நன்றாகத்தான் ஓடும். முன்னால் இருக்கிற இரண்டு ஹெட்லைட்டும்தான் காமாலைக் கண் மாதிரி இருந்தன. இங்கே லைட்டுக்கு மேலே கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மங்கி, பழுத்து, உள்ளே பல்பு எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். பேத்தி நித்யாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனால், ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வாள். காரைப் பார்த்து வெட்கமா, பின் சீட்டில் புடவையோடு நான் இருப்பது வெட்கமா என்று நான் கேட்டதில்லை.

2

ஹெட்லைட் எனக்குப் புதுசில்லை. எங்கள் வீட்டுக்காரர் அம்பத்தூர் ஓ.டி. ஸ்டாண்டில் டாக்ஸி வைத்திருந்தார். மாமனார் நிலம் பிளாட்டாகப் போனபோது பங்கில் வந்த காசைப் போட்டு வாங்கின பழைய அம்பாசடர். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள்தான் வாடிக்கை. எல்லாரும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பெட்டி, படுக்கை, தண்ணிக் கூஜா எல்லாவற்றோடும் எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கிளம்புவார்கள். டிக்கியில் கொள்ளாத மூட்டை முன் சீட்டில் என் மடி மேலேயே வந்து உட்காரும் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காரின் லைட் வட்டமான கெட்டிக் கண்ணாடி. எந்த வெயிலுக்கும் அசையாது. கெட்டுப்போவது உள்ளே. பல்புக்குப் பின்னால் வெள்ளிக் கிண்ணம் மாதிரி ரிஃப்ளெக்டர் இருக்கும். மழைத் தண்ணி இறங்கி இறங்கி அது கறுத்துவிடும். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ராத்திரி ரோட்டில் வெளிச்சம் மட்டும் விழாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் சவாரி போய்விட்டு வந்தால், மாட்டு வண்டி மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் தெரிகிறது என்பார்.

புதுசு வாங்க முடியாது. பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனால் பழைய ஜோடி கிடைக்கும், ஆனால் ஒன்று தேறும், இன்னொன்று நம்முடையதைவிட மோசமாக இருக்கும். அதனால் அவர் கிண்ணத்தை மட்டும் கழற்றிக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போவார். அங்கே பம்பருக்கு முலாம் பூசுகிற பட்டறை ஒன்றில் தெரிந்த ஆள் இருந்தார். பெரிய வேலைக்கு நடுவில் இதையும் முக்கி எடுத்துக் கொடுத்துவிடுவார். கேட்டது டீயும் பன்னும்தான்.

கண்ணாடியைத் தேய்க்கிற வேலை என்னுடையது. தேங்காய் நாரும் வறட்டிச் சாம்பலும். வெண்கலப் பானையைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்துக் கழுவினால் முகம் தெரியும். அதற்கப்புறம் அவர் கண்ணாடியின் மேல் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார். எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது என்று அப்போது அது சட்டம், அடிக்காவிட்டால் போலீஸ்காரர் பிடிப்பார். கஷ்டப்பட்டுத் தேய்த்ததில் பாதியை மூடிவிடுகிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். "எதிர்ல வர்றவனுக்கும் ஊடு வாசல் கீதுமே" என்பார். மாட்டினபிறகு வண்டியை நேரே திருவேற்காடு அம்மன் கோயிலுக்கு ஓட்டிப் போவோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், லைட்டுக்குச் சந்தனம் குங்குமம். பொட்டு வைக்கிறதும் நான்தான். என் கை பட்டால் சவாரி வரும் என்று சொல்லுவார். அது நிஜமோ பொய்யோ, அந்தக் காரில் எனக்கு என்று ஒரு வேலை இருந்தது.

3

அவர் போனபிறகுதான் நான் இங்கே வந்தேன். சுற்றிப் பார்க்க வந்தவள் என்கிற விசா. அது முடிந்தால் போக வேண்டும். இங்கேயே இருக்க வேண்டும் என்றால், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், கவர்மென்ட்டுக்குச் செலவு வைக்க மாட்டேன் என்று பெற்ற பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவளைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு பேப்பர் இருக்கிறது என்பதை இந்த ஊரில்தான் பார்த்தேன். டாக்டர் செக்கப் ஆச்சு, போலீஸ் சர்ட்டிபிகேட் அம்பத்தூரிலிருந்து அலைந்து வாங்கியாச்சு. சேகர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போடுகிறேன் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

போனால் எங்கே போவேன்? மேனாம்பேட்டு வீடு இவன் இங்கே நிலைத்து நிற்கட்டும் என்று விற்றுக் கொடுத்ததில் போய்விட்டது. அண்ணன் வீட்டில் அண்ணனே மருமகள் சொன்ன இடத்தில்தான் உட்காருகிறார். திருவேற்காட்டில் தம்பிக்கு ஒற்றை அறை வீடு. நான் போனால் அவன் பிள்ளைகள் வெளியே படுக்க வேண்டும். அதனால் அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு பெரிசு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது. ஊரில் மழை தொடங்குகிற மாசம் இங்கே வெயில் ஏறுகிற மாசம். போன வருஷம் மாதிரியே காருக்குப் பொட்டு வைத்தேன். இந்தியக் கடையில் வாங்கின சந்தனம் கொஞ்சம்தான் இருந்தது, மஞ்சள் தூளைச் சேர்த்துக் குழைத்து இரண்டு லைட்டிலும் வைத்தேன். மருமகள் கவிதா ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டு, "ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க அத்தை" என்றாள். கெட்ட பெண் இல்லை. ஆபீசில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள்தானே.

அடுத்த வாரம் சேகர் வண்டியைச் செக்கப்புக்கு எடுத்துக்கொண்டு போனான். ஊரில் டாக்ஸிக்கு எஃப்.சி. காட்டுகிற மாதிரிதான். இங்கே சொந்த வண்டிக்கும் பழசானால் வருஷா வருஷம் காட்ட வேண்டும். பிரேக் நல்லது, டயர் நல்லது, ஹெட்லைட் மட்டும் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது ஜோடி விலையைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். சாவியை மேசை மேல் போட்ட சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வருஷா வருஷம் மஞ்சளைக் குழைச்சுப் பூசினா லைட் என்னாத்துக்கு ஆவும்? இப்போ காசு எவன் குடுப்பான்? நைனா குடுப்பாரா?"

செத்துப்போன அப்பாவை எதற்கு இழுத்தான் என்று தெரியவில்லை. நான் சாரி என்றேன். எனக்கு இங்கிலீஷில் தடுமாறாமல் வருகிற ஒரே வார்த்தை அதுதான். பஸ்ஸில், கடையில், டாக்டரிடம், இப்போது வீட்டிலும். நித்யா இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்காகச் சொன்னாளா, சத்தம் போடாதீர்கள் என்று சொன்னாளா, அதுவும் தெரியாது.

4

மறுநாள் கார் வீட்டு வாசலிலேயே நின்றது. அவன் ஸ்டேஷனுக்கு நடந்தே போய் ரயில் ஏறினான். எல்லாரும் போனபிறகு நான் வெளியே வந்து லைட்டைப் பார்த்தேன். நான் வைத்த கறையை நானே எடுத்துவிட்டால் போச்சு என்று தோன்றியது. எத்தனை வருஷம் ஹெட்லைட் தேய்த்த கை இது.

சாம்பலுக்கு எங்கே போவது? பாத்ரூம் கழுவுகிற பவுடர் இருந்தது. கடைத் தேங்காயின் குடுமி நாரைச் சேர்த்து வைத்திருந்தேன், அது இருந்தது. தண்ணி தெளித்து அழுத்தித் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகத் தண்ணி இறங்கினது. அவன் சொன்னது சரிதான், என் மஞ்சள்தான் இவ்வளவு நாளும் உள்ளே ஊறிக் கிடந்திருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் அழுத்தினேன். எதிர் வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு போகும்போது கை காட்டினார். நானும் காட்டினேன். ஈரமாக இருக்கும்போது லைட் அவ்வளவு அழகாகத் தெளிந்திருந்தது. சாயங்காலம் அவன் வந்து பார்த்தால் என்ன சொல்வான் என்று நினைத்துச் சந்தோஷமாகத்தான் கை கழுவினேன்.

காய்ந்தபிறகு வந்து பார்த்தால் இரண்டும் புரை விழுந்த கண் மாதிரி வெள்ளையாக இருந்தன. நாரும் பவுடரும் கண்ணாடிக்குத்தான். பிளாஸ்டிக்கை அது நெடுகக் கீறிவிட்டது. தண்ணி ஊற்றினால் தெளியும், காய்ந்தால் வெளுக்கும். இரண்டு மூன்று தரம் தண்ணி ஊற்றிப் பார்த்தேன். எத்தனை தரம் ஊற்றினாலும் அது காயத்தானே செய்யும்.

சேகர் வந்து பார்த்தான். கத்துவான் என்று நின்றேன். கத்தவில்லை. விரலால் தடவிப் பார்த்தான். பல் விளக்குகிற பேஸ்ட்டை எடுத்து வந்து பழைய பனியன் துணியால் ரொம்ப நேரம் வட்டமாகத் தேய்த்தான். அவன் வேலை செய்கிற இடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் கொஞ்சம் தெளிந்தது, ஓரமெல்லாம் திட்டுத் திட்டாக நின்றது. கடையில் பாலிஷ் ஒன்று வாங்கி வந்து அதையும் போட்டான். செக்கப் செய்கிற கேராஜில் அதற்கும் ஆகாது என்றுவிட்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்த வருஷம் பேப்பர் வேணாம்மா. விசா முடியறப்போ ஊருக்குப் போ. கொஞ்ச நாள் இருந்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

கவிதா அவனைப் பார்த்தாள். எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு என்று நான் கேட்டிருக்கலாம். ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

5

அவன் இங்கே வரப் புறப்பட்ட வருஷம் எனக்கு அன்றைக்கு ராத்திரி பூராவும் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. டிக்கெட்டுக்கும் வந்த புதிதில் கைச்செலவுக்கும் போதவில்லை. வீடு விற்றது அதற்கப்புறம். முதலில் போனது கார்தான். விற்கப்போகிறோம் என்று தெரிந்தும் எங்கள் வீட்டுக்காரர் ரிஃப்ளெக்டரைக் கழற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனார். விற்கிற மாட்டுக்கு எதற்குக் கொம்புக்குப் பெயிண்ட் என்று நான் கேட்டேன். "வாங்கறவன் ஓட்ட வேணாமா?" என்றார். முலாம் பூசி வந்தது, நான் கண்ணாடி தேய்த்தேன், கறுப்பு அடித்து மாட்டினோம்.

வாங்க வந்தவர் பூந்தமல்லியிலிருந்து வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார், பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பட்டப்பகல், லைட்டைப் போட்டுக் காட்டட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் இவர் வேறொருத்தர் வண்டியைக் கூலிக்கு ஓட்டினார். கடைசி வரைக்கும். பிள்ளை அனுப்பின முதல் போட்டோவில் அவன் பக்கத்தில் ஒரு கார் நின்றது. அது யாருடைய கார் என்று தெரியாமலே அதை டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சேகருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சம் தெரியும். தெரிந்ததை எடுத்துப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை. காலையில் ரயில், ராத்திரி வந்து படுக்கை, சனிக்கிழமையும் பாதி நாள் வேலை. அவன் மேலே மட்டும் பழியைப் போட்டால் அம்மன் ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்த ஊர் ஆளை இப்படித்தான் அரைக்கிறது.

6

அந்த வாரம் பழைய வண்டிகளைப் போட்டு வைக்கிற யார்டுக்குக் கிளம்பினான். நம்ம புதுப்பேட்டை மாதிரி. ஆனால் கடையும் கிடையாது, கூப்பிடுகிற ஆளும் கிடையாது. வாசலில் காசு கட்டிவிட்டு, நம் ஸ்பேனரை நாமே கொண்டுபோய், வேண்டியதைக் கழற்றிக்கொள்ள வேண்டும். சிநேகிதன் காரை இரவல் வாங்கியிருந்தான். கவிதாவுக்கு அன்றைக்கு வேலை. "நீயும் வாம்மா" என்றான். ஆசையாகக் கூப்பிடவில்லை. என்னை வீட்டில் தனியாக விட்டால் இன்னும் எதைத் தேய்த்து வைப்பேனோ என்கிற பயம்.

பெரிய மைதானம். நிழல் என்று ஒன்றும் இல்லை. கார்கள் வரிசை வரிசையாக நின்றன, சக்கரம் இல்லாமல், கதவு இல்லாமல். சேகர் எங்கள் கார் மாதிரியே இருக்கிற வண்டியைத் தேடி முன்னால் நடந்தான். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். நடக்க நடக்கத்தான் கவனித்தேன். பிளாஸ்டிக் லைட் வைத்த வண்டி ஒவ்வொன்றுக்கும் கண் மஞ்சள். சிவப்புக் கார், நீலக் கார், குழந்தை சீட்டு இன்னும் பின்னால் இருக்கிற கார். வெள்ளைக்காரன் ஓட்டினது, சீனாக்காரன் ஓட்டினது, எல்லாம் ஒரே மஞ்சள். சிலது எங்கள் வண்டியைவிடப் பழுத்திருந்தது. நான் நின்று ஒன்றைத் தடவிப் பார்த்தேன். சுட்டது.

அவன் ஒரு வண்டியைக் கண்டுபிடித்துவிட்டான். பக்கவாட்டில் அடிபட்டது, முன்பக்கம் நன்றாக இருந்தது. லைட் இரண்டும் தெளிவாக இருந்தன. ஷெட்டுக்குள்ளேயே நின்ற வண்டியாக இருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டு மண்டி போட்டு போல்ட்டைத் திருப்ப ஆரம்பித்தான்.

நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இந்த வயசு வரைக்கும் நான் யாரையும் நிறுத்தி நியாயம் கேட்டதில்லை. மாமியாரையும் இல்லை, புருஷனையும் இல்லை.

"ஏன்டா சேகர்," என்றேன், "இத்தனை வண்டிக்கும் நானாடா மஞ்சள் பூசினேன்?"

ஸ்பேனர் நின்றது. திரும்பவில்லை. "வெயில்மா அது. இந்த வெயிலுக்கு பிளாஸ்டிக் அப்படித்தான் ஆவும்."

"உனக்கு எப்போ தெரியும்?"

அவன் இன்னொரு போல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். "செக்கப் பண்ண அன்னிக்கே மெக்கானிக் சொன்னான்."

எங்கேயோ யாரோ இரும்பை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்துக்கொண்டே அவனே சொன்னான்.

"யார் மேலயாவது கத்தணும் போல இருந்துச்சும்மா. நீதான் எதிர்ல இருந்தே."

அப்புறம் லைட்டை வயரோடு இழுத்து என் பக்கம் நீட்டினான். இதைப் பிடி, கீழே போட்டுடாதே என்றான். பிடித்துக்கொண்டேன். இரண்டாவதையும் கழற்றி முடிக்கிற வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கனமே இல்லை. அம்பாசடர் கண்ணாடி இதைவிட எத்தனையோ கனம்.

திரும்பி வரும்போது சிக்னலில் நிற்கையில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றான். திட்டினதற்கு ஈடாகக் கொடுக்கிற மாதிரி இருந்தது. வேண்டாம்டா, நான் ஊருக்கே போகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்கிறவளுக்கு ஊரில் திறந்து நுழைய ஒரு கதவு இருக்க வேண்டும். சரிப்பா என்றேன்.

சாயங்காலமே லைட்டை மாட்டிவிட்டான். செக்கப்பும் பாஸாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் காலையில், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டான். பேனா தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான்.